நட்டும் போல்ட்டும்: பாடியிலிருந்து பார்த்தால் புரியும் ஆங்கில மரபுத்தொடர்கள்

ஆங்கிலப் பாடத்தில் தமிழ் மீடியம் மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது இலக்கணம் அல்ல, 'இடியம்' என்கிற மரபுத்தொடர்கள்தான். இலக்கணத்துக்காவது விதி உண்டு, மனப்பாடம் செய்துவிடலாம். மரபுத்தொடர் அப்படி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக அர்த்தம் தெரியும், சேர்த்துப் படித்தால் ஒன்றும் புரியாது! 'நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்' என்றால் நட்டும் போல்ட்டும். இது எல்லோருக்கும் தெரியும. ஆனால் ஒரு மேலாளர் "இந்தத் திட்டத்தின் நட்ஸ் அண்ட் போல்ட்ஸைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் அவர் கேட்பது இரும்புச் சாமானை அல்ல. ஒரு வேலையின் அடிப்படையான, நடைமுறை விவரங்களைக் கேட்கிறார்.

இதெல்லாம் கான்வென்ட்டில் படித்தவர்களுக்கு மட்டும் பிடிபடும் விஷயம் என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்துக்குப் போக வேண்டாம். சென்னையின் மேற்குப் புறத்தில் இருக்கும் பாடி வரை போனால் போதும்.

கோயில் ஊர், தொழிற்சாலை ஊர்

'பாடி' பழைய தமிழ்ச்சொல். படைகள் தங்கும் இடத்துக்கும் இந்தப் பெயர் உண்டு, ஆயர்கள் வாழும் சிற்றூருக்கும் உண்டு. 'ஆயர்பாடி' எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பாடியில் உள்ள திருவலிதாயம் சிவன் கோயில், 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த ஊராகத்தான் இது நெடுங்காலம் இருந்தது.

1960களில் ஊரின் முகம் மாறியது. மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், இங்கிலாந்துக் கூட்டாளிகளோடு சேர்ந்து பாடியில் வரிசையாகத் தொழிற்சாலைகளை நிறுவியது. சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா. பிரேக்குகளுக்கு பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற மின்கருவிகளுக்கு லூகாஸ் டி.வி.எஸ். இவற்றோடு போல்ட்டுகளுக்கும் நட்டுகளுக்கும் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். பக்கத்திலேயே 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. இன்னொரு பக்கம் 1955 முதல் ரயில் பெட்டிகள் தயாரிக்கும் ஐ.சி.எஃப். இருந்தது. ஷிப்டு முடிந்து எம்.டி.எச். ரோட்டில் சைக்கிள்கள் சாரிசாரியாகப் போகும் ஊராக பாடி ஆனது. (எம்.டி.எச். என்றால் மெட்ராஸ் திருவள்ளூர் ஹை ரோடு. மெட்ராஸ் சென்னையானதும் அது சி.டி.எச். ரோடு ஆகிவிட்டது. பழைய ஆட்கள் வாயில் இன்னும் எம்.டி.எச். தான்!)

இப்போது அந்தத் தொழிற்சாலைகளில் தயாரான பொருட்களின் பட்டியலை ஒரு ஆங்கில மரபுத்தொடர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரீஇன்வென்ட் தி வீல்: 'சக்கரத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பது'. ஏற்கனவே இருப்பதை முதலிலிருந்து செய்து நேரத்தை வீணாக்குவது.

புட் தி பிரேக்ஸ் ஆன்: 'பிரேக் போடுவது'. நடந்துகொண்டிருக்கும் ஒன்றை நிறுத்துவது அல்லது வேகத்தைக் குறைப்பது.

கிக்ஸ்டார்ட்: 'உதைத்துக் கிளப்புவது'. தேங்கிக் கிடக்கும் ஒன்றை வேகமாகத் தொடங்கி வைப்பது.

எ காக் இன் தி மெஷின்: 'எந்திரத்தில் ஒரு பல்'. பெரிய அமைப்பில் முகம் தெரியாத சின்ன ஆள்.

எ ஸ்பேனர் இன் தி ஒர்க்ஸ்: 'எந்திரத்துக்குள் ஸ்பேனர்'. ஒழுங்காக நடக்கும் காரியத்தைக் கெடுப்பது. அமெரிக்கர்கள் ஸ்பேனருக்குப் பதில் 'மங்கி ரெஞ்ச்' என்பார்கள்.

வகுப்பறையில் அந்நியமாகத் தெரியும் இந்தத் தொடர்களின் சாமான் எல்லாம் பாடிக்காரர்கள் கையால் செய்த சாமான். ஓடுகிற எந்திரத்துக்குள் ஒரு ஸ்பேனர் விழுந்தால் என்ன ஆகும் என்று ஆங்கிலப் பேராசிரியரை விட ஒரு ஃபிட்டருக்கு நன்றாகத் தெரியும்.

யார் வாயில் பிறந்தவை?

இது ஏதோ தற்செயல் ஒற்றுமை அல்ல. ஆங்கில மரபுத்தொடர்களில் கணிசமானவை அரண்மனையிலோ பல்கலைக்கழகத்திலோ பிறந்தவை அல்ல. கொல்லன் பட்டறை, தறிக்கூடம், துறைமுகம், சுரங்கம், ரயில் கொட்டகை என்று வேலை நடந்த இடங்களில் பிறந்தவை.

'இரும்பு சூடாக இருக்கும்போதே அடி' என்பது கொல்லன் பேச்சு. 14-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் எழுத்திலேயே இது வந்துவிட்டது. 'நெருப்பில் நிறைய இரும்பு' என்றால் ஒரே நேரத்தில் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்வது. இதுவும் உலைக்களத்திலிருந்து வந்ததுதான். ஒன்றை அடித்து முடிப்பதற்குள் இன்னொன்று உருகி வீணாகும் என்பது அடித்தவனுக்குத் தெரியும்.

'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்பதைப் பலர் 'டெண்டர்', அதாவது மென்மையான கொக்கி என்று நினைத்துக் குழம்புவார்கள். அது 'டென்டர்'. நெய்து அலசிய கம்பளித் துணி சுருங்காமல் இருக்க, அதைக் கொக்கிகள் வைத்த சட்டத்தில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் டென்டர். அந்தத் துணி போல மனசு விறைத்துக் கிடப்பதுதான் டென்டர்ஹூக்ஸில் இருப்பது. தமிழில் 'முள்ளின்மேல் நிற்பது போல' என்போம்.

பிறகு நீராவி வந்தது. பாய்லரில் அழுத்தம் கூடினால் வால்வைத் திறந்து ஆவியை வெளியே விட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். மனசுக்குள் அடைத்து வைத்த கோபத்தை யாரிடமாவது கொட்டித் தீர்ப்பதற்கு 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஆவி தீர்ந்துபோனால் 'ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்', அதாவது தெம்பு போய்விட்டது. தண்டவாளத்தை விட்டு இறங்கினால் 'ஆஃப் தி ரெயில்ஸ்', அதாவது வழி தவறிவிட்டது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் மேற்கே போகிறது. ஆக, மேற்படி தொடர்களின் பொருள் இந்தப் பக்கத்து மக்களின் கண் முன்னால் புகை விட்டுக்கொண்டு போயிருக்கிறது.

மரை கழண்டவன்

வேலை செய்யும் மக்கள் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி யோசிக்கிறார்கள் என்பதற்கு அருமையான சான்று ஒன்று உண்டு. ஒருவன் புத்தி சற்றுப் பிசகியவன் என்று சொல்ல ஆங்கிலத்தில் 'ஹேஸ் எ ஸ்க்ரூ லூஸ்' என்பார்கள். திருகாணி ஒன்று தளர்ந்துவிட்டதாம். தமிழில் 'மரை கழண்டவன்' என்பார்கள். மரை என்பது திருகாணியில் சுற்றிச் சுற்றி வரும் புரி. மரையாணி என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். 'நட்டு கழண்ட கேஸ்' என்று சென்னையில் சொல்வதும் இதே குடும்பம். போதாக்குறைக்கு 'லூசு' என்ற ஒற்றைச் சொல்லையே பைத்தியத்துக்குப் பெயராக்கிவிட்டோம். ஆங்கிலத்தில் வெறும் 'லூஸ்' என்று சொன்னால் அந்த அர்த்தம் வராது!

எந்திரங்கள் வருவதற்கு முன்பே, வண்டிச் சக்கர காலத்திலேயே இந்த ஒற்றுமை இருக்கிறது. ஒரு அமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் முக்கியமான ஆளை ஆங்கிலத்தில் 'லிஞ்ச்பின்' என்பார்கள். அதற்கு நேரான பொருள் அச்சாணி. சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் முனையில் செருகும் சின்ன ஆணி. 667-ஆம் குறளில் திருவள்ளுவர் இதே அச்சாணியைத்தான் உவமையாக எடுக்கிறார். உருவத்தில் சிறியவர் என்று யாரையும் இகழக்கூடாது, உருண்டோடும் பெரிய தேருக்கே அச்சாணி போன்றவர்களும் உலகத்தில் உண்டு என்கிறார்.

'தி லாஸ்ட் ஸ்ட்ரா' என்ற தொடரும் அப்படித்தான். ஒட்டகத்தின் முதுகில் ஏற்கனவே ஏகப்பட்ட பாரம், கடைசியாக வைத்த ஒரு வைக்கோலில் முதுகு உடைந்தது என்பது கதை. பொறுமையின் எல்லையில் நடக்கும் சின்ன விஷயத்துக்கு இதைச் சொல்வார்கள். 475-ஆம் குறளில் ஒட்டகம் இல்லை, வண்டி இருக்கிறது. வைக்கோலுக்குப் பதில் மயிலிறகு. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சே முறியும் என்கிறது குறள். இந்த இரண்டு குறளும் தெரிந்த மாணவனுக்கு இரண்டு ஆங்கில மரபுத்தொடர்கள் ஏற்கனவே தெரியும் என்றுதான் அர்த்தம்.

ஊர் விட்டு ஊர் போகாத தொடர்கள்

ஆனால் எல்லாத் தொடர்களும் இப்படி ஜோடி சேராது. சில தொடர்கள் பிறந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டவை. 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போவது' என்ற தொடரைப் புரிந்துகொள்ள, நியூகாசில் இங்கிலாந்தின் பெரிய நிலக்கரித் துறைமுகமாக இருந்தது தெரிய வேண்டும். எங்கே ஏராளமாகக் கிடைக்கிறதோ அங்கேயே கொண்டுபோய் விற்கப் பார்க்கும் வீண் வேலை என்பது பொருள். தமிழில் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'திருநெல்வேலிக்கே அல்வாவா?' என்று கேட்பார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்று. ஆனால் நியூகாசில்காரருக்கு அல்வா புரியாது, நமக்கு நிலக்கரி புரியாது.

'முதலைக் கண்ணீர்' ஐரோப்பியத் தொடர். முதலை இரையைத் தின்றுகொண்டே அழும் என்ற பழைய நம்பிக்கையிலிருந்து வந்தது. அது அப்படியே மொழிபெயர்க்கப்பட்டு இப்போது தமிழ்ப் பத்திரிகைகளிலும் தாராளமாக ஓடுகிறது. ஆனால் இதே அர்த்தத்தில் நம்மிடம் 'நீலிக் கண்ணீர்' இருந்தது. அந்த நீலியின் ஊர் பாடிக்கு ரொம்ப தூரமும் இல்லை. முதல் ரயில் ஓடிய அதே பாதையில் திருவள்ளூரைத் தாண்டினால் திருவாலங்காடு, அதை ஒட்டியது பழையனூர். கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, கையில் குழந்தையோடு வந்து ஊரார் முன் அழுதாள். அவள் கண்ணீரை நம்பிய வேளாளர் எழுபது பேர், "இவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று அவனை அவளோடு அனுப்பி வைத்தார்கள். அவள் அவனைக் கொன்றாள். எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தீயில் இறங்கினார்கள். இப்படிச் சொல்கிறது கதை. முதலையை விட நீலிதான் வலுவான உவமை. ஆனாலும் முதலை ஜெயித்துக்கொண்டிருக்கிறது!

இரண்டு விட்வொர்த்துகள்

மரபுத்தொடரைக் கண்டு பயப்படும் முறை தலைகீழாக இருந்த காலமும் உண்டு. 1812-இல் சென்னையில் எல்லிஸ் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்த இளம் வெள்ளைக்காரர்கள் அங்கே தமிழ், தெலுங்கு போன்ற மொழிகளைப் படித்துத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஆசிரியர்கள் நம் புலவர்கள். அப்போது முழித்தவர்கள் வெள்ளைக்காரர்கள்!

பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் இந்தச் சிரமத்தைப் புரிந்தவர். ஆறுமுக நாவலரின் உதவியோடு பைபிளை மொழிபெயர்த்தவர். அவர் 1842-இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தமிழ்ப் பழமொழித் தொகுப்பை வெளியிட்டார். பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1874-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பழமொழிகள் ஆறாயிரத்தைத் தாண்டின. பழமொழி தெரியாமல் தமிழர்களோடு பேச முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிலைமை மாறிவிட்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் அவசியம் ஆனது. இப்போது தேர்வு எழுதுவது நம் முறை. 1907-இல் ஜார்ஜ் கிளிஃபோர்ட் விட்வொர்த் என்பவர் 'இந்தியன் இங்கிலீஷ்' என்ற புத்தகம் எழுதினார். பம்பாய் சிவில் சர்வீசில் இருந்தவர். ஆங்கிலம் எழுதும் இந்தியர்கள் மரபுத்தொடரில் செய்யும் பிழைகளை ஆராய்வதுதான் புத்தகத்தின் வேலை. அதைத் துணைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இன்னொரு விட்வொர்த்தைத் தெரியும். ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர். அவர் காலத்துக்கு முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. எந்தப் பட்டறையில் செய்தாலும் பொருந்தும்படி 55 டிகிரிக் கோணத்தில் ஒரே அளவு முறையை அவர் 1841-இல் முன்வைத்தார். 'விட்வொர்த் மரை' என்று பெயரே நிலைத்துவிட்டது.

இரண்டு விட்வொர்த்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மரபுத்தொடர் என்றால் என்ன என்று புரிந்துவிடும். மரபுத்தொடர் 1841-க்கு முந்தைய போல்ட். அதன் நட்டு அதற்கு மட்டும்தான் பொருந்தும். 'ஸ்பேனர்' இருக்கும் இடத்தில் 'சுத்தியல்' என்று மாற்றினால் இலக்கணம் கெடாது, ஆனால் தொடர் கழண்டுவிடும். ஆங்கிலேயரின் குழந்தைக்கும் இதற்கு விதி தெரியாது, கேட்டுக் கேட்டுப் பழகியதுதான். எனவே ஒரு இந்தியர் மரபுத்தொடரில் தடுமாறினால் அது அறிவுக் குறைவு அல்ல. அந்தப் பட்டறையில் அவர் வேலை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பெரம்பூரில் ஒரு சொல்

மொழிபெயர்க்கும்போது சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்ததற்கு பாடிக்குப் பக்கத்திலேயே வரலாறு இருக்கிறது. 1768-இல் லண்டன் துறைமுகத்தில் கூலிப் பிரச்சினையில் மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிப் போட்டார்கள். பாயை இறக்குவதற்குக் கப்பல்காரர் பேச்சில் 'ஸ்ட்ரைக்'. வேலையை நிறுத்துவதற்கே பிறகு அது பெயரானது.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்கள்தான் அதன் உயிர். தலைவர் பி.பி. வாடியா பார்சி, பேசியது ஆங்கிலத்தில். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான தொழிலாளர்களிடம் புதிய தொழிற்சங்கக் கருத்துகளைத் தமிழில் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் திரு.வி.க. 1921-இல் அந்த மில்லில் பெரிய போராட்டம் நடந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அகராதியைப் பார்த்தால் 'ஸ்ட்ரைக்' என்றால் அடி. தமிழில் யாரும் அதை அடி என்று மொழிபெயர்க்கவில்லை. 'வேலைநிறுத்தம்' என்றார்கள். கேட்டவருக்கு உடனே புரிந்தது. உயிரும் சோறும் சம்பந்தப்பட்ட இடத்தில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்புக்கு இடமில்லை.

மனப்பாடம் வேண்டாம்

இன்றைக்கும் நேர்முகத் தேர்வுகளில், குழு விவாதங்களில், நன்றாக வேலை தெரிந்த எத்தனையோ பேர் எதிரில் இருப்பவர் வீசும் இரண்டு மரபுத்தொடர்களைக் கேட்டு வாயடைத்துப் போகிறார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த பிள்ளைகளுக்கு இது அதிகம் நடக்கிறது. டர்னிங் மெஷினில் மைக்ரான் கணக்கில் வேலை செய்பவர், 'நட்ஸ் அண்ட் போல்ட்ஸ்' என்ற தொடர் தெரியவில்லை என்பதற்காகத் தன்னைத் தாழ்வாக நினைத்துக்கொள்கிறார். இதை விட விநோதம் உண்டா?

ஐந்நூறு மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு உருப்போடுவதில் பெரிய பலன் இல்லை. ஒரு தொடரைக் கேட்டதும் இரண்டு கேள்வி கேட்டால் போதும். இது எந்த வேலைக்காரர் பேச்சு? அந்த வேலையில் இப்படி நடந்தால் என்ன ஆகும்? பாதி அர்த்தம் அங்கேயே விளங்கிவிடும். மீதிக்கு அகராதி இருக்கிறது. அதற்குச் சமமான தமிழ்த் தொடரையும் தேடி வைத்துக்கொண்டால் பிறகு மறக்கவே மறக்காது.

ஆங்கில மரபுத்தொடர்களை உண்டாக்கியவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். கையில் எண்ணெய்க் கறையோடு, உலைச் சூட்டில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவனுக்குப் புரிய வேண்டும் என்று பேசியவர்கள். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிய பாடிக்காரர்கள் வேறு எங்கும் போக வேண்டியதில்லை. ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரும் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டால் போதும்.